தலைக்கட்டுப் பட்டியலும் ரிப்ளேஸ் ஆல் பட்டனும்

குலதெய்வக் கோயிலில் கும்பாபிஷேகம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் தேடப்படுவது தலைக்கட்டுப் பட்டியல், அதாவது கோயிலுக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியல் எப்போதும் வேர்டில்தான் வரும். பெயர் ஒரு வரி, தோட்டமோ தெருவோ ஒரு வரி, ஊர் ஒரு வரி, செல் நம்பர் ஒரு வரி. பிறகு ஒரு வெற்று வரி விட்டு அடுத்த தலைக்கட்டு. “அழைப்பிதழ் லேபிளுக்கு மாத்தறது அஞ்சு நிமிஷ வேலைதானுங்களே?” என்பார்கள். ஐந்து நிமிட வேலைதான், பட்டியலை அதற்கு முன்னால் யாரும் ‘சுத்தம்’ செய்யாமல் இருந்தால். கண்ட்ரோல்-எச் அமுக்கித் தேடி மாற்றத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு. நீளமானது முன்னால், குட்டையானது பின்னால்: என் கட்சி இவ்வளவுதான்.

பட்டியலைக் கெடுப்பதில் முதலிடம் வெற்று வரியை அழிப்பதற்கு. பேப்பர் மிச்சம், பார்க்க அடக்கமாக இருக்கும் என்று நினைத்து, அடுத்தடுத்து வரும் இரண்டு பாரா முடிவுகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரு குடும்பம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளம் அந்த வெற்று வரி. அது போன பிறகு பட்டியல் என்பது வெறும் வரிகளின் குவியல். நான்கு நான்காக எண்ணிப் பிரித்தால் ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்மையான பட்டியலைப் பார்த்ததில்லை. ஒருவருக்கு இரண்டு செல் நம்பர் இருக்கும், ஒரு பாட்டிக்கு நம்பரே இருக்காது, தோட்டத்துச் சாலைக்கு மட்டும் வழிசொல்ல இரண்டு வரி பிடிக்கும். எங்கோ ஓரிடத்தில் ஒரு வரி பிசகினால் அதற்குக் கீழே எல்லாமே பிசகும். இரண்டு குடும்பம் ஒட்டிப்போய் ஒரு வீட்டுக்கு அழைப்பிதழ் போகவில்லை என்றால், அந்தப் பேச்சு அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் ஓயாது.

சரியான முறை இது. பாரா குறிகள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட்-6இல் வரும் தொப்பிக் குறியோடு பி சேர்த்தால் பாரா முடிவு, எல் சேர்த்தால் ஷிஃப்ட்-என்டர் உடைப்பு, டி சேர்த்தால் டேப். உடைப்புகளைப் பாரா முடிவாக்குங்கள். பாரா முடிவுக்கு முன்னால் ஒட்டிக்கிடக்கும் ஸ்பேஸை எடுங்கள். ஸ்பேஸ் விழுந்த வெற்று வரி வேர்டுக்கு வெற்று வரி ஆகாது. மும்மூன்றாக நிற்பதை இரட்டையாக்குங்கள். அப்புறம் இரட்டைப் பாரா முடிவை @@@ ஆக்குங்கள், ஒற்றையை டேப்பாக்குங்கள், கடைசியில் @@@-ஐ ஒற்றைப் பாரா முடிவாக்குங்கள். இரட்டையை @@@ ஆக்கும்போது எத்தனை இடத்தில் மாற்றியது என்று வேர்ட் சொல்லும் எண்ணிக்கையை யாரும் படிப்பதில்லை. உடனே ஓகே அமுக்கிவிடுகிறார்கள். 300 தலைக்கட்டு என்றால் நடுவில் 299 வெற்று வரிதான் இருக்க முடியும். வேர்ட் 291 என்று சொன்னால் எட்டு இடத்தில் குடும்பங்கள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். இதைவிடச் சுலபமான தணிக்கை கிடையாது.

நீளமானது முன்னால் என்ற இதே விதி முகவரிக்கும் பொருந்தும். நம் ஊர்க்காரர்கள் 641020 என்று எழுத மாட்டார்கள், ‘கோவை-20’ என்றே எழுதுவார்கள். அழைப்பிதழ் தபாலில் போவதால் முழு பின்கோடு வேண்டும். ஆர்.எஸ்.புரத்துக்காக ‘கோவை-2’ என்பதை ‘கோவை-641002’ என மாற்றினால், ‘கோவை-20’ எல்லாம் ‘கோவை-6410020’ ஆகி, இல்லாத ஏழு இலக்கக் கோடு பிறக்கும். சரி, 20-ஐ முதலில் மாற்றிவிடலாம் என்றால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. கணபதிக்காக ‘கோவை-6’-ஐத் தேடும்போது, ஏற்கெனவே சரியாக மாற்றி வைத்த ‘கோவை-641020’-இன் தலையும் அதில் சிக்கும். எனவே வரி முடிவையும் சேர்த்துத் தேட வேண்டும்: ‘கோவை-6’, அதோடு தொப்பி-பி. வரிகளை டேப்பால் ஒட்டிய பிறகு இந்த வசதி இருக்காது, முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ‘நாயக்கன்பாளையம்’ என்று மொட்டையாகத் தேடுகிறவர்களும் நினைவில் வையுங்கள்: அந்தப் பெயரில் தனி ஊர் இருக்கிறது, அதே எழுத்துகள் பெரியநாயக்கன்பாளையத்திலும் நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் இருக்கின்றன.

எழுத்துரு வேறொரு தலைவலி. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தது இதே கோவையில்தான்; தமிழக அரசு யூனிகோடை ஏற்றதும் அந்த மாதம்தான். ஆனாலும் பாமினியில் அடித்த பழைய பட்டியல்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பாமினியில் ‘இ’ என்பது காற்புள்ளி விசை. காற்புள்ளியை டேப்பாக்கு என்று சொன்னால் இளங்கோ ‘ளங்கோ’ ஆகிவிடுவார். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

கண்ட்ரோல்-இசட் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்கலாம். கோப்பைச் சேமித்து மூடும்வரை பயமில்லை. தவறு தெரியவருவது தபால் திரும்பி வரும்போது. எக்ஸெல் போதுமே என்பது பெங்களூரு மாப்பிள்ளைகளின் வாதம். வெற்று வரியால் பிரித்த முகவரியை எக்ஸெல்லில் ஒட்டினால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கட்டத்தில் விழும், வேலை தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இடைக்கோடு இல்லாத 0422 லேண்ட்லைன் எண்ணில் முதல் பூஜ்யம் காணாமல் போகும். 91 சேர்த்த பன்னிரண்டு இலக்க செல் நம்பர் அடுக்குக்குறி வடிவத்தில் சுருங்கி நிற்கும். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் முடியும் என்பது இப்போதைய வாதம். முடியலாம். எத்தனை இடத்தில் எதை மாற்றியது என்ற கணக்கை நானே சரிபார்க்க முடியாத வேலையை நான் ஏற்க மாட்டேன். தவிர, முந்நூறு குடும்பத்தின் போன் நம்பர்களை அவர்களைக் கேட்காமல் எங்கோ ஏற்றிவிடுவது, 2023இல் தனிநபர் தரவுக்கென்று சட்டமே வந்த நாட்டில், எனக்குச் சரியாகப் படவில்லை.

டேப்பால் பிரிந்த பட்டியலை வேர்டிலேயே அட்டவணையாக்கிய பின் செல் நம்பர் பத்தியை வரிசைப்படுத்துங்கள். இடம் மாறி விழுந்த ஊர்ப்பெயர்கள் எண்களை விட்டுத் தனியாக ஒரு முனையில் சேர்ந்துவிடும். ஒரே நம்பர் இரண்டு முறை வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்: கல்யாணமான மகன் தனித் தலைக்கட்டு, நம்பர் மட்டும் அப்பாவுடையதாக இருக்கும். அப்படிப்பட்ட ஜோடிகளை மஞ்சளடித்துக் கோயில் கமிட்டியிடமே கொடுத்துவிடுகிறேன். கோயில் வரி யார் கட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.