முதல் ஞாயிறைத் தவறவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

உனக்குப் 18 வயது நிறைந்ததையும், லியோனில் வாக்காளர் பட்டியலில் உன் பெயர் ஏறிவிட்டதையும் உன் அம்மா போனில் சொன்னாள். மனம் நிறைந்துபோயிற்று. 2027-இல் முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறாய். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

பிரான்சின் இன்றைய குடியரசில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1962 பொதுவாக்கெடுப்பில் வந்தது. 1965-இல் அப்படி முதல் தேர்தல் நடந்தது. முதல் சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முன்னணியில் உள்ள இருவர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மீண்டும் மோதுவார்கள். அன்றுமுதல் இன்றுவரை ஒருவரும் முதல் சுற்றிலேயே வென்றதில்லை. 1965-இல் அதிபராக இருந்த தெகோலுக்கும் இரண்டாவது சுற்று தேவைப்பட்டது. அதனால்தான் பலர் முதல் சுற்றை ஒத்திகைபோல நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்.

2002 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. உன் தாத்தா பழைய சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர்; அதனால் நமக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே இங்கே புதுச்சேரியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். "நீ போகலையாடா?" என்று கேட்டார். "ஷிராக்கும் ஜோஸ்பனும்தானே வரப்போறாங்க, அடுத்த சுற்றுக்குப் போறேன்" என்றேன். நம் நேரத்துக்கு இரவு 11.30-க்கு டி.வி.யில் இரண்டு முகங்கள் வந்தன. ஒன்று அப்போதைய அதிபர் ஷிராக், மற்றது தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென். பிரதமராக இருந்த இடதுசாரி ஜோஸ்பன் சுமார் 1,95,000 ஓட்டு வித்தியாசத்தில் மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தார். போட்டியிட்டவர்கள் 16 பேர். இடதுசாரி ஓட்டு பல துண்டாய்ச் சிதறியிருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடவே போகவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். அடுத்த சுற்றில் ஷிராக் 82 சதவீதம் வாங்கி வென்றார். ஆனால் மக்கள் முன் இருந்த தேர்வு முதல் ஞாயிறன்றே சுருங்கிவிட்டது.

அதிபர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ணாதே. நாடாளுமன்றக் கீழவையின் 577 இடங்களுக்கும் தனியே தேர்தல் உண்டு. அங்கே இரண்டாவது சுற்றுக்கு இருவர் மட்டுமல்ல, பதிவான வாக்காளர்களில் 12.5 சதவீதம் பேரின் ஓட்டைப் பெற்ற எவரும் போகலாம். 2022 ஏப்ரலில் அதிபர் தேர்தலில் மீண்டும் வென்ற மக்ரோன், ஜூனில் அந்த அவையில் பெரும்பான்மையை இழந்தார். 2024-இல் முதல் சுற்றில் முன்னிலை பெற்ற, ழான்-மரியின் மகள் மரீன் லெ பென்னின் கட்சி, இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகி வழிவிட்டதால், முடிவில் இடங்களின் எண்ணிக்கையில் மூன்றாவதாக நின்றது. ஒரு சுற்று விட்ட இடத்தில்தான் அடுத்த சுற்று தொடங்குகிறது.

நீ போகும் வாக்குச்சாவடியில் வேட்பாளருக்கு ஒன்றாகத் தாள்கள் அடுக்கியிருக்கும். ஒன்றை மட்டும் எடுக்காதே, சிலவற்றையாவது எடுத்துக்கொள். உன் மனம் வெளியே தெரியாது. திரை மறைவில் ஒன்றை உறையிலிட்டு, கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் போடு. "ஆ வோத்தே" (வாக்களித்தாயிற்று) என்று அதிகாரி உரக்கச் சொல்வார். பட்டியலில் கையெழுத்திடு.

மாலையில் திரும்பவும் போ. அங்கே ஓட்டு எண்ணுவதும் வாக்காளர்கள்தான். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மேசையில் இடம் கேட்கலாம். உறைகளை நூறு நூறாகக் கட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயரை வாசிப்பார்கள். ஒரு கட்டையாவது நீ எண்ணு. 1,95,000 என்பது எத்தனை கட்டு என்று அப்போது உன் கைக்கே தெரியும்.

அன்புடன்,
உன் மாமா