அடுத்த கைக்கு எளிதாக

மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எளிமையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வேகத்தையும் செலவையும் முன்னிட்டே பேசுகிறார்கள். நிரல் சுருங்கினால் பக்கம் விரைந்து திறக்கும், செர்வர் வாடகை குறையும் என்பவை அவர்கள் காட்டும் நியாயங்கள். அவை மெய்யே. ஆயினும், ஈப்போவில் இருந்துகொண்டு சிறு வணிகர்களுக்கும் சங்கங்களுக்கும் ஆலயங்களுக்கும் இணையத்தளம் அமைத்துத் தருவதில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, அவற்றினும் முதன்மையான காரணம் ஒன்று அனுபவத்தில் புலப்பட்டிருக்கிறது. நாம் செய்யும் எதுவும் ஒரு நாள் வேறொருவர் கைக்குப் போயாக வேண்டும். அன்று அவர் அதைத் திறந்து பார்த்து, நம்மைத் தேடி அலையாமல், தாமே நடத்திச் செல்லக் கூடுமானால் அதுவே எளிமை.

பேராக்கில் வாழ்கிறவர்களுக்கு இந்த எண்ணம் தானாகவே வரும். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டதற்குப் பின் இம்மாநிலத்தில் பரந்து விரிந்த தோட்டங்கள் எத்தனையோ முறை கைமாறின. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கி, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் பாட்டாளிகளின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை அவர்களுக்கே வாங்கித் தரும் லட்சியத்துடன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அதன் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் மனிதர்கள் மட்டுமா சிதறினார்கள்? பள்ளிப் பதிவேடுகளும், ஆலயக் கணக்குகளும், யார் எங்கே குடியிருந்தார்கள் என்ற விவரமும் சிதறின. எவை தப்பிப் பிழைத்தன என்று பார்த்தால், எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய சாதாரண நோட்டுப் புத்தகங்களே பிழைத்திருக்கின்றன.

அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்றே எனக்கு முதற்பாடம் கற்பித்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்னாள் ரப்பர் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் ஆலயம் இப்போது செம்பனை மரங்களின் நடுவே நிற்கிறது. லயன் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே பிறந்தவர்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்டார்கள். ஆயினும் ஆண்டுத் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தவறாமல் வந்து கூடுகிறார்கள். திருவிழாவின் உபயக் கணக்கைக் கணினியில் ஏற்றித் தரும்படி நிர்வாகத்தார் என்னைக் கேட்டபோது, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பொருளாளர் தம்முடைய கணக்கு நோட்டை என் முன் விரித்தார். ஆயுள் முழுவதும் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டை எழுதிப் பழகிய கை அது: கோடுகள் நேராக, ஒரு வரிக்கு ஓர் உபயக்காரர், பெயர், எந்த நாள் உபயம், தொகை, ரசீது எண். வாக்களித்த தொகையைப் பென்சிலால் எழுதியிருந்தார். பணம் கைக்கு வந்த பிறகு அதன்மேல் பேனாவால் எழுதியிருந்தார். பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் வரவேண்டியது எது, வந்தது எது என்று தெரிந்தது.

“தம்பி, யாரு உபயம், எவ்வளவு கட்டினாங்க, ரசீது குடுத்தாச்சா, இந்த மூணும் ஒரே பக்கத்துல தெரியணும். மத்ததெல்லாம் அப்புறம்” என்றார்.

“சரிங்க ஐயா, உங்க நோட்டு மாதிரியே செஞ்சிடலாம்” என்றேன்.

அவ்வாறே செய்தோம். ஒரே அட்டவணை, ஒரே பக்கம், அச்சிட ஒரு பொத்தான். பென்சில் எழுத்துக்கு ஈடாகச் சாம்பல் நிறம், பேனா எழுத்துக்கு ஈடாகக் கறுப்பு நிறம். அவருக்குப் பயிற்சி என்று ஒன்று தேவைப்படவே இல்லை. ஒரு காரியம் கணினிக்கு வருமுன்பே மனிதர்கள் அதற்கு ஒரு முறை வகுத்திருப்பார்கள். அம்முறையை முதலில் படித்துவிட்டுப் பிறகு நிரலைத் தொடுவது, புதிதாக எதையும் சிருஷ்டிப்பதைவிடப் பெரும்பாலும் எளிய விளைவைத் தருகிறது.

இரண்டாவது பாடம் படிவங்களைப் பற்றியது. இந்நாட்டுத் தமிழரின் அடையாள அட்டையில் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, மகன் என்பதற்கு ‘ஏ/எல்’ அல்லது மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்று எழுதும் வழக்கம் உண்டு. குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலோருக்கு இல்லை. அப்படியிருக்க, மேலைநாட்டு மாதிரியைப் பின்பற்றி முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்தால், ஒருவர் தந்தை பெயரை இரண்டாவதில் எழுதுவார், இன்னொருவர் முழுப் பெயரையும் முதலாவதில் எழுதிவிட்டு இரண்டாவதில் ஒரு புள்ளி வைப்பார். பின்னால் தேடும்போது ஒன்றும் அகப்படாது. ‘பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் இத்தொல்லை முழுவதும் ஒழிகிறது. அவ்விதமே, அடையாள அட்டை எண், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை உபயக் கணக்குக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டு வாங்காத விவரத்தைக் காக்க வேண்டியதில்லை. அது களவு போவதும் இல்லை.

மூன்றாவது, ஆசைகளை நிறுத்துப் பார்ப்பது. நிர்வாகத்திலிருந்த இளைஞர்கள் நல்லெண்ணத்தோடு பல யோசனைகள் சொன்னார்கள்: ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் கணக்கு, படத்தொகுப்பு, பூசை நேரலை. ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் சோதித்தேன்: இது இல்லாவிட்டால் இவ்வாண்டுத் திருவிழா தடைப்படுமா? படங்கள் ஏற்கெனவே புலனக் குழுவில் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன. அதற்கு இன்னோர் இடம் வேண்டியதில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை அடுக்கும்போது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவதையும் ஒரு குற்றமாக வைத்தார். மென்பொருள் எழுதுபவர் அப்பட்டியலைத் தம் மேசையருகே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பட்டியலில், மிகையாகச் சொல்வதற்கும் முன்னதாக, தேவைக்குக் குறைவாகச் சொல்வதும் குற்றம் என்று அவர் வைத்திருப்பதை மறக்கலாகாது. எளிமை என்ற பெயரால் அவசியமானதை வெட்டிவிடுவது சோம்பலே அன்றி வேறில்லை. கணினி அறிஞர் பிரெடெரிக் புரூக்ஸ் 1986-ல் மென்பொருளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொருளின் இயல்பிலேயே உள்ள சிக்கலையும் நாம் வழியில் சேர்த்துக்கொள்ளும் சிக்கலையும் பிரித்துக் காட்டினார். ஊர்ப்பணம் புழங்கும் இடத்தில் உள்ள சிக்கல் முதல் வகையைச் சேர்ந்தது. எங்கள் உபயக் கணக்கில் எழுதிய ரசீதை எவரும் அழிக்க முடியாது. தவறு நேர்ந்தால் காரணம் எழுதி ரத்து செய்யலாம், ரத்து செய்ததும் பட்டியலில் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் எழுதியவர் பெயரும் நேரமும் நிற்கும். இவற்றுக்காக எழுதிய நிரல் சிறிது நீண்டதே. அந்த நீளத்தை நான் மனமார ஏற்கிறேன்.

நான்காவது, பிறர் நிரலை எவ்வளவு சார்ந்திருப்பது என்பது. 2016 மார்ச் மாதத்தில், எழுத்துகளின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்புவதற்கென எழுதப்பட்ட பதினொரு வரி நிரல் ஒன்றை அதன் ஆசிரியர் ஒரு பிணக்கின் காரணமாகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட, அதை நேராகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் தடைப்பட்டன. அரைமணி நேரத்தில் நாமே எழுதக்கூடியதை வெளியிலிருந்து இறக்குமதி செய்யாதிருப்பதும், செய்தால் அதைப் படித்துப் புரிந்துகொண்டு செய்வதும் என் வழக்கமாயின. ஆலயப் பக்கத்தில் எச்டிஎம்எல்லும் சிறிது சிஎஸ்எஸ்ஸும் தவிர வேறெதுவும் உலாவிக்குச் செல்வதில்லை. செம்பனைக் காட்டின் நடுவே அலைவரிசை மெலிந்திருக்கும் இடத்திலும் அது பழைய கைப்பேசியில் திறக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுக்கூடத்தில் அமைத்து 1991-ல் வெளியுலகுக்குத் திறந்த முதல் இணையத்தளத்தின் பழைய பக்கங்கள் இன்றைய கைப்பேசியிலும் அப்படியே திறக்கின்றன என்பது, இவ்வழியின் ஆயுளுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.

ஐந்தாவது, தரவை நிரலினும் மேலாக மதிப்பது. நிரல் அழிந்தால் மறுபடி எழுதலாம். பெயர்ப் பட்டியல் அழிந்தால் எங்கே போய்த் தேடுவது? ஆகையால் கணக்கு முழுவதையும் எஸ்கியூலைட் கோப்பு ஒன்றில் வைத்தோம். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய அத்தரவுத்தளத்துக்குத் தனிச் செர்வர் வேண்டாம். ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் காப்புப் பிரதி ஆயிற்று. அதனை 2050 வரை பேணுவது தங்கள் நோக்கம் என்று அதன் ஆசிரியர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆலயத்தில் முன்பு யாரோ கணினியில் தட்டி வைத்த பழைய உபயக்காரர் பட்டியல், தனி எழுத்துரு ஒன்றின் குறியேற்றத்தில் இருந்தபடியால், இப்போது பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே திறந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களில் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்க் கணிமை கடந்து வந்த தூரத்தை அறிந்தவர்களுக்கு, பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடின் அருமை புரியும். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முனைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் நினைக்கிறேன். ஊதியம் கருதாத தன்னார்வலர்கள் தட்டெழுதிய தமிழ் நூல்கள் சாதாரணக் கோப்புகளாக வைக்கப்பட்டதனால்தான், பின்னர் அவற்றை யூனிகோடுக்கு மாற்றவும் முடிந்தது. இன்றும் எவரும் இறக்கிப் படிக்க முடிகிறது. ஓய்வு நேர முயற்சிக்கு அதனினும் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

ஓய்வு நேர முயற்சிகளைப் பற்றி இன்னும் ஒன்று. மறைந்துபோன பேராக் தோட்டங்களின் பட்டியல் ஒன்றை நான் சொந்த விருப்பத்தால் தொகுத்து வருகிறேன்: ஒரு வரிக்கு ஒரு தோட்டம், கம்பெனி வைத்த பெயர், நம்மவர் வழங்கிய பெயர், மாவட்டம், பள்ளி, ஆலயம், இன்று அங்கே இருப்பது என்ன. அதற்கு வரைபடமும் தேடுபொறியும் வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை என் நினைவுக்கு வருகிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-ல் அதனை எழுப்பத் தொடங்கி, மின்தூக்கிக்குக்கூட இடம் வகுத்து, முடிக்குமுன்பே 1926-ல் லிஸ்பனில் காலமானார். மாளிகையில் எவரும் குடியேறவில்லை. ஆனால் கட்டட வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை நோய் வாட்டிய காலத்தில் அவர்களுக்காக அவர் எழுப்பித்த மாரியம்மன் ஆலயம் சிறியதாகையால் முடிந்தது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது, அவர் உருவமும் அதன் கூரைமேல் நிற்கிறது. தொடங்கியவர் எந்த நாளில் விட்டுச் சென்றாலும், அந்நாள் வரை செய்தது பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். என் பட்டியலில் இன்று ஒரு வரி சேர்த்தால் இன்றே அது முழுமை பெற்ற பட்டியல்தான்.

உபயக் கணக்கை எழுதிவந்த பெரியவர் முதுமை காரணமாக விலகியபோது, பொறுப்பேற்றவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். கோப்பு எங்கே இருக்கிறது, காப்புப் பிரதி எடுப்பது எப்படி, இணையப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் எந்த மாதம், எல்லாம் பழுதானால் பட்டியலை எக்செல்லில் திறப்பது எப்படி என்பவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவ்வாண்டுத் திருவிழாக் கணக்கை அவர் என்னை அழைக்காமலே முடித்தார். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே முதலாவதாக வைக்கிறேன்.

இத்துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எதைக் கட்டத் தொடங்கினாலும், அதை உங்களுக்குப் பின் நடத்தப்போகிறவர் யார் என்று முதல் நாளிலேயே கேளுங்கள், அவருக்கான அந்த ஒரு தாளை நிரலுக்கு முன்பே எழுதத் தொடங்குங்கள். தாள் இரண்டாவது பக்கத்துக்கு நீளுமானால், சுருக்க வேண்டியது தாளை அல்ல, கட்டியதை.