முதுமையுற்ற நாய்க்கு அடைக்கலம்



இம்முறை இல்லப் பாடத்திற்கு அபயதானத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்வர். "அபயதானம் என்பது யாது?" என்று வினவினால், "உயிரைக் காப்பாற்றுவது" என விடை வரும். அவ்விடை தவறன்று, எனினும் முழுமையானதும் அன்று. பயம் இன்மையே அபயம். காப்பாற்ற இயலாத உயிர்க்கும் அச்சமின்மையை நாம் தரக்கூடும். இதனை நம் காப்பியம் ஒன்றைக் கொண்டும், சேலத்தில் நான் கண்ட கிழ நாய் ஒன்றைக் கொண்டும் விளக்க முயல்கிறேன்.

சீவகன் செய்தது

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை அறியாதார் நம்முள் இரார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் அதனை அச்சில் ஏற்றித் தமிழுலகுக்குத் தந்தார். அதில் நீர்விழா நடைபெறும் வேளையில், சோற்றைத் தீண்டிய குற்றத்திற்காக ஒரு நாய் கடுமையாக அடிக்கப்படுகிறது. அரசகுமாரனாகிய சீவகன் அதனை அணுகி, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாய் உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. பின்னாளில் சீவகனுக்கு இடர் நேர்ந்தபோது அத்தேவனே வந்து துணை செய்கிறான்.

இக்கதையைச் சொல்லும்போது நாம் தேவனாகப் பிறந்ததையும் கைம்மாறு செய்ததையும் சிறப்பித்துக் கூறுகிறோம். குழந்தைகள் கவனிக்க வேண்டிய இடம் அதற்கு முன்னரே உள்ளது. சீவகன் அந்நாயைப் பிழைக்க வைக்கவில்லை. பிழையாது என்று தெரிந்த பின்னும் அவன் விலகிச் செல்லவில்லை. விழாவும் தோழரும் காத்திருக்க, சாகும் நாயின் அருகில் இருந்தான். இதுவே இப்பாடத்தின் கரு.

மணியின் கதை

சேலத்தில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றில் என் பழைய மாணவி ஒருவர் ஞாயிறுதோறும் தொண்டு செய்கிறார். "டீச்சர், ஒரு தடவை வந்து பாருங்கள்" என்று அவர் அழைத்ததால் சென்றேன். அங்கே மணி என்னும் நாட்டு நாய் இருந்தது. வயது 11. இரு செவியும் கேளா. ஒரு கண்ணில் புரை. பின்னங்கால்கள் மடங்க மறுத்தன. அதனை வளர்த்தவர்கள் சொந்த வீட்டை விற்று, வேறு நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றுவிட்டனர். போகுமுன் நாயையும் அதன் சோற்றுத் தட்டையும் காப்பகத்தில் ஒப்படைத்தனர். நான்கு நாட்கள் அது உண்ணவில்லை. வாயிற்கதவை நோக்கியே படுத்திருந்தது.

அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 1978-இல் ஆத்தூரிலிருந்து சேலத்திற்கு எனக்குப் பணிமாற்றம் வந்தபோது, எங்கள் வீட்டு நாயை அத்தெருவிலேயே விட்டுவிட்டு வந்தோம். "தெருவார் சோறு போடுவார்கள்" என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாமான் ஏற்றிய வண்டியின் பின்னே அது நெடுந்தூரம் ஓடி வந்தது. அன்று மாலையே புதிய வீட்டில் பஞ்ச நமஸ்காரம் ஓதினேன், நாயின் நினைவு வந்தது, ஓதி முடித்தேன். காப்பகத்தில் விட்டவர்கள் என்னைவிடப் பொறுப்புடையவர்களே.

நூல்களும் சட்டமும் கூறுவன

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்தனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவை அனைத்தும் நம் பொறுப்பில் உள்ள உயிர்களுக்கு நாம் இழைக்கக்கூடிய குற்றங்கள் என்பதை நோக்குக. கொல்லாதிருந்தால் போதும் என்று ஆசாரியர்கள் விட்டுவிடவில்லை. நம்மை நம்பியிருக்கும் உயிர் பசியோடு கிடப்பதும் விரதத்தின் குறையே. நாயோ, மனமுடைய ஐம்பொறி உயிர். பிரிவை உணரும்; காத்திருக்கும்.

நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருவானது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் கைவிடுவது அதன்படி குற்றம். 1978-இல் நான் செய்தது அதுவே.

அடைக்கலம் அளிக்கும் மரபு நமக்குப் புதிதன்று. பம்பாயில் தெரு நாய்களைக் கொல்ல ஆங்கில அரசு முற்பட்டபோது, 1832-இல் பெருங்கலகம் மூண்டது. அதன் பின்னர் 1834-இல் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வள்ளலும் ஜைன வணிகர்களும் சேர்ந்து அங்கே பாஞ்சராபோலை நிறுவினர். சென்னையில் 1959-இல், மழைநீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் வீட்டிற்கு எடுத்து வந்தார். புளூ கிராஸ் அமைப்பு அதிலிருந்து பிறந்தது. முதிய நாய்களுக்கென்றே அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2007-இல் மட்வில் என்னும் காப்பகம் தோன்றியது. குட்டிகளை எவரும் விரும்பி எடுப்பர். கிழ நாய்க்குத் தனியே முயன்றாலன்றி வீடு அமையாது என்பதே இதனால் விளங்குவது.

எழக்கூடிய ஐயங்கள்

மணியைப் பற்றி நம் குடும்பங்கள் சிலவற்றில் பேசியபோது மூன்று தடைகள் எழுந்தன. அவை நேர்மையான ஐயங்கள். ஆதலின் விடை கூறுகிறேன்.

முதலாவது: "கொலைத்தன்மையுள்ள பிராணிகளை வளர்த்தல் சிராவகர்க்கு விலக்கப்பட்ட தொழில் அல்லவா?" பிழைப்புக்காகவும் பிற உயிரைக் கொல்வதற்காகவும் அவற்றை வளர்த்தலே விலக்கப்பட்டது. பிறரால் கைவிடப்பட்ட கிழ உயிர்க்குத் திண்ணையில் இடம் தருவது தொழிலன்று; தானம்.

இரண்டாவது: "புலால் இல்லாமல் நாய் வாழுமா?" ஓநாயைவிட மாவுப்பொருளைச் செரிக்கும் திறன் நாய்க்கு மிகுதி என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் மரபணு ஆய்வால் காட்டினர். சோறு, பருப்பு, தயிர், வேகவைத்த காய் ஆகியவற்றை முறையாக அமைத்து, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி சத்துக் குறைவை நிரப்பினால் நாய் சைவ உணவில் வாழும். பூனைக்கு இது பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நம்மவர் பலர் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சையும் அத்தகையதே, பாயசத்தில் மீந்ததை அன்பினால் ஊற்றிவிடக் கூடாது. சாக்லேட்டும் ஆகாது.

மூன்றாவது: "கிழ நாயை வைத்துத் துன்பப்படுத்துவதைவிட ஊசி போட்டு அனுப்பிவிடுவது கருணை அல்லவா?" முதுமை நோயன்று. மூட்டுவலிக்கு மருந்து உண்டு. பார்வை குறைந்த நாய் மோப்பத்தால் வழி அறியும். முதுமை ஒன்றையே காரணமாகக் காட்டி உயிரைப் போக்குவது நம் நெறிக்கு உடன்பாடன்று. அதே வேளையில், "வினைப்பயன்" என்று கூறி வலியைத் தணிக்காமல் விடுவதும் கருணையாகாது. ஔடததானம் நால்வகைத் தானத்துள் ஒன்றென்பதை மறவற்க.

இல்லம் தேடும் முறை

இப்பணியில் நான் முதலில் செய்த பிழையைக் கூறிவிடுகிறேன். மணிக்காக நான் எழுதிய முதல் அறிவிப்பில், "அன்பும் அமைதியும் உடைய நாய்" என்று மட்டும் எழுதினேன். செவி கேளாமையை எழுதவில்லை. எழுதினால் எவரும் வாரார் என்று அஞ்சினேன். ஒரு குடும்பம் அழைத்துச் சென்றது. மூன்றாம் நாள் அவ்வீட்டுச் சிறுவன் பின்புறமிருந்து தொட, திடுக்கிட்ட நாய் சீறிவிட்டது. கடிக்கவில்லை, ஆயினும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டனர். மீண்டும் கைவிடப்பட்ட மணி முன்னினும் ஒடுங்கிப்போயிற்று. சத்திய விரதத்தில் நான் தவறியதன் பயனை அவ்வுயிர் அனுபவித்தது.

இரண்டாம் அறிவிப்பை உள்ளது உள்ளபடி எழுதினோம்: "வயது 11. காது கேளாது. ஒரு கண் மங்கல். மாடிப்படி ஏறாது. பின்னிருந்து தொட்டால் அஞ்சும். முன்னே வந்து கையைக் காட்டினால் வாலாட்டும். மருத்துவச் செலவில் பாதியை நாங்கள் ஏற்போம்." இதனைப் பால் நிலையத்திலும், நூலகத்திலும், வாட்ஸ்அப் வழியாகவும் பரப்பினோம்.

ராசிபுரத்திற்கு அருகிலிருந்து ஜவ்வரிசி ஆலையில் பணிசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வந்தார். அறிவிப்பைக் காட்டி, "எங்க வீட்டம்மாளுக்கும் காது மந்தமுங்க. இருவது வருசமாக் கையக் காட்டித்தான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார். எதை மறைக்க எண்ணினேனோ, அதுவே அந்நாய்க்குரிய இல்லத்தைத் தேடித் தந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றவை:

1. நாயின் வயது, நோய், பழக்கம், அச்சம் ஆகியவற்றை மறையாது எழுதுக.
2. தனிவீடு, படியில்லா வாயில், பகலில் ஆள் இருத்தல் ஆகியன உள்ள இல்லத்தைத் தேர்க. கைக்குழந்தை உள்ள வீட்டைவிட முதியோர் இல்லறம் கிழ நாய்க்கு ஏற்றது.
3. வீட்டார் அனைவரும் நாயை நேரில் கண்டு உடன்பட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அனுப்பற்க.
4. முதல் இரண்டு வாரம் பொறுப்பில் வைத்திருக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்க. பின்னர் முடிவு செய்யட்டும்.
5. இயலாத நிலை வந்தால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித் தருவதாக எழுத்தில் பெறுக.
6. முதியோரிடம் தரும்போது, அவர்க்குப் பின் நாயைப் பேணுபவர் யார் என்பதையும் முன்னரே பேசி வைக்க வேண்டும்.

பேணும் முறை

புதிய இடத்திற்கு வந்த நாய் மருட்சி நீங்க மூன்று நாள், வீட்டின் ஒழுங்கை அறிய மூன்று வாரம், தன் வீடென்று உணர மூன்று மாதம் ஆகும் என்பது காப்பகத்தார் கூறும் பொது அளவு. அதுவரை பொறுமை வேண்டும். பழைய வீட்டின் தட்டோ துணியோ இருப்பின் உடன் அனுப்புக. பழகிய மணம் ஆறுதல் தரும்.

வழுக்கும் தரையில் கோணிச்சாக்கு விரித்தால் பின்னங்கால் சறுக்காது. சேலம், நாமக்கல் சமவெளியின் கோடையில் நண்பகல் வெயிலில் நடத்திச் செல்லலாகாது. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். உணவை ஒரே வேளையில் இடாமல் சிறிது சிறிதாக இருவேளை, மூவேளை இடுக. வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் குறித்த நாளில் தவறாது போடுக. மனிதர்க்குரிய வலி மாத்திரைகளை நாமாகக் கொடுத்தலாகாது. அவை நாயின் உயிர்க்கே கேடு விளைக்கலாம். தண்ணீர் மிகுதியாகக் குடித்தல், உடல் மெலிதல், வாய் நாற்றம், கட்டி முதலியன கண்டால் மருத்துவரிடம் காட்டுக. 1985-இல் தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம் பகுதிக்குக் கிடைத்த நற்பேறு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவே.

நிறைவு

மணி அம்முதியோரிடம் 14 மாதங்கள் வாழ்ந்தது. அவ்வம்மையார் உணவு கொணரும்போது காலால் தரையை இருமுறை தட்டுவார். அதிர்வை உணர்ந்து மணி எழுந்துவிடும். இறுதியில் சிறுநீரகம் பழுதுற்றது. மருத்துவர் வலி தணிய மருந்து தந்து, இனி நாட்களே என்றார். செய்தி அறிந்து பேருந்தேறிச் சென்றேன்.

திண்ணையில் அம்மையாரின் பாதத்தில் தலை வைத்துப் படுத்திருந்தது. அவர்கள் இசைவு பெற்று, அருகில் அமர்ந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்காரம் ஓதினேன். அச்செவி கேளாது என்பதை நான் அறிவேன். ஓதுகையில் ஆத்தூர்த் தெருவில் விட்டு வந்த நாயின் நினைவு வந்தது. இம்முறை நிறுத்தி நிறுத்தியே ஓத முடிந்தது. மணி என்ன கதி அடைந்தது என்று கூறும் ஞானம் எனக்கில்லை. அன்று அதன் கண்ணில் அச்சம் இல்லை. வாயிற்கதவை அது நோக்கவும் இல்லை. இவ்விரண்டையும் கண்டேன்.

குடும்பத்தோடு சிந்திக்க

1. சீவகன் நாயைப் பிழைக்க வைக்காதபோதும் அவன் செய்தது அபயதானம் ஆவது எவ்வாறு?
2. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறி, உங்கள் வீட்டிலோ தெருவிலோ காண்பவற்றைக் குறிப்பிடுக.
3. முதல் அறிவிப்பில் நேர்ந்த பிழை யாது? அதன் பயனை அடைந்தவர் யார்?
4. உங்கள் ஊரில் கைவிடப்பட்ட முதிய விலங்கு ஒன்று உண்டா? அதற்காக இவ்வாரம் உங்கள் குடும்பத்தால் ஆவது யாது?

நான்காம் வினாவிற்கு விடையை ஏட்டில் எழுத வேண்டா.

அறம் வளர்க! அனைத்துயிரும் அச்சமின்றி வாழ்க!