ஒரு பூச்சியத்தின் கதை

பரிசோதனையில் விடை பூச்சியம் என்று வந்தால் பௌதிக மாணவன் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பான். மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் அவ்வாறே சந்தேகித்துச் சோதித்த ஒரு பூச்சியத்தை இங்கே காண்போம்.

எச்.ஐ.வி. வைரஸ் நம் வெள்ளணுக்களுள் ஒரு வகைக்குள் புகுந்து பெருகுகிறது. பாலுறவின் வழியே அது பரவ வேண்டுமானால், உடல் திரவங்களில் போதிய எண்ணிக்கையில் வைரஸ் இருக்க வேண்டும். ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து இப்பெருக்கத்தைத் தடுக்கிறது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உண்பவர்களுள் பெரும்பாலோருக்கு, ஆறு மாதங்களுக்குள் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை 200-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியானால் பரவுதலும் நின்றுவிடுமா?

இதனை அறிய, சென்னை, புனே உள்ளிட்ட நகரங்களில், ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. இருவருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணைகள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து. மற்றவர்களுக்கு, அக்கால வழக்கப்படி, எதிர்ப்பாற்றல் குறைந்த பின்னரே மருந்து. 2011-இல் முடிவு வெளியாயிற்று. துணைவரிடமிருந்து பரவிய தொற்றுகள் 28. அவற்றுள் 27, தாமதமாக மருந்து பெற்ற பிரிவில்!

அடுத்து, ஐரோப்பாவில் 782 ஆண் இணைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. தொற்றுள்ளவரின் வைரஸ் அளவு 200-க்குக் கீழே இருந்த காலத்தில், ஆணுறையின்றி நிகழ்ந்த உறவுகள் சுமார் 76,000. புதிதாகத் தொற்றியவர்கள் 15 பேர். ஆனால் வைரஸ்களின் மரபுப் பொருளை ஒப்பிட்டபோது, ஒன்றுகூடத் துணைவருடைய வைரஸுடன் பொருந்தவில்லை. அவை வெளியிலிருந்து வந்தவை. ஆகவே விடை பூச்சியம்.

பத்து முறை பார்த்துக் கண்ட பூச்சியமும் 76,000 முறை பார்த்துக் கண்ட பூச்சியமும் ஒன்றல்ல. எண்ணிக்கை கூடக் கூட, மறைந்திருக்கக்கூடிய பிழையின் எல்லை சுருங்குகிறது. இவ்வாய்வில் அந்த எல்லை, 100 இணைகளுக்கு ஓராண்டில் 0.23 தொற்று. பல ஆய்வுகளும் ஒத்துப்போனதால், சோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவின் வழியே தொற்று பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது.

இரண்டு நிபந்தனைகளை மறக்கலாகாது. மருந்தை நிறுத்தினால், உயிரணுக்களில் பதுங்கியிருக்கும் வைரஸ் சில வாரங்களில் மீண்டும் பெருகும். மேலும், மற்றப் பால்வினை நோய்களை இம்மருந்து தடுக்காது. அவற்றுக்கு ஆணுறை வேண்டும்.

மாணவர்களே! தொற்றுள்ளவரைக் கண்டு ஒதுங்குவோர் இன்றும் உண்டு. உடன் அமர்வதாலோ, உடன் உண்பதாலோ எச்.ஐ.வி. என்றுமே பரவியதில்லை. முறையாக மருந்து உண்டு வைரஸை அடக்கியவரிடமிருந்து பாலுறவினாலும் பரவுவதில்லை என்பதை இன்று அளந்தே அறிந்துவிட்டோம். அளந்து அறிந்த பின்னும் பழைய அச்சத்தை விடாதிருப்பது அறிவியல் ஆகுமா?