கொப்புளம் வராத அக்கி: கண்டறிவதும் பார்த்துக்கொள்வதும்

அக்கி என்றாலே உடம்பின் ஒரு பக்கம் பட்டையாகக் கிளம்பும் நீர்க்கொப்புளம்தான் நினைவுக்கு வரும். சிலருக்கு அந்தக் கொப்புளம் கிளம்புவதே இல்லை. விலாவிலோ முதுகிலோ முகத்திலோ ஒரே பக்கமாக எரிச்சலும் குத்தலும் பிடித்துக்கொள்ளும். தோலைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள் அக்கி எனப்படும் இதை மருத்துவர்கள் ‘ஸோஸ்டர் சைனே ஹெர்பெட்டே’ என்று குறிப்பார்கள். தோலில் தடயம் இல்லாததால் வாயுப்பிடிப்பு, சுளுக்கு என்று தைலம் தேய்த்தே நாட்கள் கழிகின்றன. வைரஸ் மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய முதல் 3 நாட்கள் அதிலேயே போய்விடுகின்றன.

காரணம் சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான். அம்மை ஆறிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அடங்கிக் கிடக்கிறது. வயது 50-ஐத் தாண்டும்போதும், புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று, எச்.ஐ.வி., நீண்ட நாள் ஸ்டீராய்டு போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் தளரும்போதும் மறுபடி கிளர்ந்து ஒரு நரம்பின் வழியே இறங்குகிறது. தோலை எட்டினால் கொப்புளம். எட்டாமல் நரம்போடு நின்றால் வலி மட்டும்.

கொப்புளம் இல்லாமலும் அக்கி வரும் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1994-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டொனால்ட் கில்டனும் அவருடன் பணியாற்றியவர்களும், நெஞ்சுப் பகுதி நரம்பு வலியால் நீண்ட காலம் அவதிப்பட்ட, கொப்புளமே வராத இரண்டு ஆண்களின் தண்டுவட நீரில் இந்த வைரஸின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டார்கள். அசைக்ளோவிர் மருந்தை ரத்த நாளத்தின் வழியே செலுத்தியதும் இருவருக்கும் வலி தணிந்தது. கொப்புளம் இல்லை என்பதற்காக அக்கி இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது என்பது அப்போது உறுதியானது.

முதலில் விலக்க வேண்டியவை

எடுத்த எடுப்பில் உள் அக்கி என்று முடிவு கட்டுவது, அதைக் கவனிக்காமல் விடுவதைவிட ஆபத்தானது. நெஞ்சில் கனம், வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அக்கியைப் பற்றிய யோசனையே வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். நெஞ்சின் இடது பக்கம் வலிக்கும் நடுவயதினர் எவருக்கும், வலி எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதே சரி. வலது மேல்வயிற்றில் சாப்பிட்ட பிறகு வலியெடுத்துக் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை, இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடையிடுக்குக்கு இறங்கினால் சிறுநீரகக் கல், வலது அடிவயிறு என்றால் குடல்வால் ஆகியவற்றையும் சோதித்து விலக்க வேண்டும்.

அக்கியே ஆனாலும் சில இடங்களில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வலியெடுத்து கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரை வரை கெட வாய்ப்புண்டு. காதுக்குள் கடுமையான வலி, கூடவே முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், காது மந்தம் என்றால் அது முக நரம்பை அக்கி தாக்கும் ராம்சே ஹன்ட் நோயாக இருக்கலாம். கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், குழப்பம், கழுத்து விறைப்பு, சிறுநீர் பிரியாமை ஆகியவை நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கு, அரிதாக, வைரஸ் கல்லீரலையும் நுரையீரலையும் தாக்கும். அப்போது தாங்க முடியாத வயிற்று வலிதான் முதலில் தெரியும். கொப்புளம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். இதற்கு வீட்டில் வைத்துச் செய்யும் சிகிச்சை கிடையாது.

வலியின் வரைபடம்

மேற்சொன்ன அபாயம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய வேலை, வலி எங்கே ஓடுகிறது என்று குறிப்பது. வீட்டில் இன்னொருவரை உட்கார வைத்து, எரியும் இடத்தின் ஓரங்களைப் பேனாவால் தோலிலேயே கோடு போடச் சொல்லலாம். அக்கியானால் கோடு பெரும்பாலும் முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்டு, விலாவை வளைத்து, முன்பக்கம் நடுக்கோட்டுக்கு வந்து நின்றுவிடும். அடுத்த பக்கம் தாண்டாது. பிறகு பஞ்சால் லேசாகத் தடவிப் பார்க்க வேண்டும். மேல்துண்டோ ரவிக்கையோ உரசினாலே தீப்பட்டது போல எரிவதும், அழுத்திப் பிடித்தால் அவ்வளவு தெரியாததும் நரம்பு வலியின் தன்மை. சதைப்பிடிப்பு இதற்கு நேர்மாறு: அழுத்தினால் வலிக்கும், அசைந்தால் வலிக்கும்.

அதே நபர் தினமும் ஒரு முறை டார்ச் வெளிச்சத்தில் தோலைத் தேட வேண்டும். தலைமுடிக்குள், காதுமடலின் பின்புறம், காதுத் துவாரம், வாயின் மேலண்ணம், மார்பகத்தின் அடிமடிப்பு, பிட்டத்தின் இடுக்கு ஆகியவை கண்ணில் படாமல் போகும் இடங்கள். சாதாரண அக்கியிலும் கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே வலி வந்துவிடும். ஆகவே முதல் வாரத்தில் ஒரே ஒரு சிறு கொப்புளம் தென்பட்டாலும் குழப்பம் தீர்ந்தது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் போதும்.

மருத்துவரிடம்

பொது மருத்துவரே தொடங்கிவைக்கலாம். தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார். வலி தொடங்கிய நாளும் நேரமும், முன்பு சின்னம்மை வந்ததா என்பதும், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, சாப்பிட்டு வரும் மருந்துகள், கர்ப்பம் ஆகியவையும் கேட்காமலே சொல்ல வேண்டியவை. மாதிரி எடுக்கக் கொப்புளம் இல்லாததால் பரிசோதனை எளிதல்ல. ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் மட்டும் எதையும் முடிவு செய்யாது. சின்னம்மை வந்த எல்லோரிடமும் அது இருக்கும். உமிழ்நீரிலோ தண்டுவட நீரிலோ பி.சி.ஆர். செய்து வைரஸைத் தேடலாம். ஆனால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. வலியின் பாதையும் தன்மையும் பொருந்தி, மற்ற நோய்கள் விலகிவிட்டால், முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே பல மருத்துவர்களின் வழக்கம்.

மருந்து

வைரஸ் மருந்துகளின் அளவு சாதாரண அக்கிக்கு வகுத்ததுதான். அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு 5 வேளை, 7 முதல் 10 நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1,000 மி.கி. 3 வேளை, 7 நாள். அல்லது ஃபாம்சைக்ளோவிர் 500 மி.கி. 3 வேளை, 7 நாள். இது சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்களுக்கான கணக்கு. சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும், ஆகவே மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுவது தகாது. அசைக்ளோவிரின் 5 வேளையைக் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று பிரித்து நாட்காட்டியில் எழுதித் தொங்கவிட்டால் தவறாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். முதியவர் மருந்து தொடங்கியபின் உளறினாலோ மயங்கிக் கிடந்தாலோ மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்பதற்காக மருந்தே வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது. புதிய அறிகுறிகள் தோன்றிக்கொண்டே இருந்தால் அப்போதும் கொடுப்பதுண்டு.

வலிக்குத் தனியாக மருந்து வேண்டும். லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதும். சுரீர் சுரீரென்று பாய்ந்து தூக்கத்தைக் கெடுக்கும் வலிக்கு அது எடுபடாது. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் தேவைப்படும். குறைந்த அளவில் இரவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். இவை வேலை செய்ய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்; இரண்டு மாத்திரையில் குறையவில்லை என்று விட்டுவிடுவோரே அதிகம். தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம் என்பதால் பழகும்வரை இரு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது, முதியவர் இரவில் எழுந்தால் துணை வேண்டும். கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் பொருந்தாமல் போகலாம். நெடுநாள் சாப்பிட்ட காபாபென்டினையும் ப்ரீகாபலினையும் திடீரென நிறுத்தக் கூடாது. தோல் உடையாமல் இருப்பதால் லிடோகெய்ன் பட்டையை எரியும் இடத்திலேயே ஒட்டலாம். உள் அக்கியில் கிடைக்கும் ஒரு நன்மை இது. ஸ்டீராய்டு மாத்திரை வலி நிலைத்துவிடாமல் தடுப்பதில்லை, சர்க்கரையை ஏற்றிவிடும்.

வீட்டில்

குயவர் வீட்டில் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது தமிழ்நாட்டில் பலர் இன்றும் செய்வது. குளிர்ச்சி கிடைப்பதால் சற்று இதமாக இருக்கும். ஆனால் காவி நரம்பு முடிச்சு வரை எட்டாது. தினமும் கண் வைத்துப் பார்க்க வேண்டிய தோலை மூடியும் விடும். எழுதிக்கொண்ட நிம்மதியில் மருத்துவரிடம் போவது தள்ளிப்போவதுதான் பெரிய இழப்பு. குளிக்காமல் இருப்பதும், கஞ்சியோடு நிறுத்திவிடுவதும் தேவையற்றவை. வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிக்கலாம். வயதானவர்கள் வழக்கமான உணவைக் குறைக்காமல் சாப்பிட வேண்டும்.

தளர்வான பருத்தி உடை, குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம், சிறிது நடை ஆகியவை பயன் தரும். மரத்துப்போன தோலில் வெந்நீர்ப் பையோ ஐஸ் கட்டியோ நேராக வைத்தால் புண்ணாகிவிடும். கொப்புளமே இல்லாதவரிடமிருந்து வைரஸ் மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, தனி அறை வேண்டியதில்லை. கொப்புளம் வந்துவிட்டால் மட்டும் அது காயும்வரை மூடிவைத்து, சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் நெருங்காமல் இருக்க வேண்டும்.

வலி நீடித்தால்

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, தூங்கிய நேரத்தோடு சேர்த்து தினமும் எழுதி வந்தால் மருந்தை ஏற்றுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்ய அது உதவும். 3 மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் அது அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி; வலி சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். நோயைத் தோலில் காட்ட முடியாதவர் சொல்லும் வலியை வீட்டார் நம்புவது இந்தக் கட்டத்தில் மருந்துக்கு இணையாக முக்கியம். தூக்கமின்மையோடு மனச்சோர்வும் சேரும். அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸ் இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 தவணை போட வேண்டும். 50 வயதைக் கடந்தோரிடம் நடந்த முக்கியப் பரிசோதனையில் அக்கியை 97 சதவீதம் தடுத்தது. வந்துவிட்ட வலியைக் குணமாக்க இதைப் போடுவதில்லை. நோய் அடங்கிய பிறகு, எப்போது போடலாம் என்று மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.