பட்டினியும் ஓட்டமும்

எடை குறைக்க விரும்பிச் சென்ற ஆண்டு காலை உணவை விட்டுவிட்டு, தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினேன். மூன்றாம் வாரம் தலைசுற்றி விழுந்தேன். காரணத்தை நூலகத்தில் தேடினேன்.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்பார், 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறக்குறையப் பாதி உணவே தந்து, வாரம் 22 மைல் நடக்கச் செய்தார். எடை கால் பங்களவு குறைந்தது. தசையும் கரைந்தது, நாடித்துடிப்பும் தளர்ந்தது. சதா உணவு நினைவுதானாம்! (எனக்கும் விரிவுரை நேரத்தில் இட்லி நினைவே.) வரவு மிகக் குறைந்தால் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வேகமாக ஓடுவதற்கோ தசையிலுள்ள கிளைக்கோஜன் வேண்டும்; அது சோறு, இட்லியிலிருந்து வருவது.

இப்போது ஓடி முடித்ததும் இட்லியும் முட்டையும் உண்கிறேன். மாலைப் போண்டாவை மட்டும் விட்டேன். எடை மெதுவாகவே இறங்குகிறது. பத்துச் சுற்றும் முடிகிறது. அம்மாதான் நான் இளைத்துவிட்டேன் என்கிறார்.