பழைய கணினிக்கு எடை குறைந்த டவுன்லோடர்

2 ஜிபி ராம் உள்ள கணினியில் பிரவுசரைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதிலேயே பெரிய கோப்பையும் இறக்கும்போது மின்சாரம் போனால், பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விட்ட இடத்திலிருந்து தொடரும் தனி மென்பொருள் இங்கே பெரிய உதவி.

ஆனால் அது ராமை விழுங்கக் கூடாது. இந்த வகையில் ஆரியா2 என்ற டவுன்லோடரை மிஞ்சுவது கடினம். டிஸ்க் கேஷை நிறுத்தி வைத்தால் சாதாரணக் கோப்புக்குச் சுமார் 4 எம்பி, டோரண்ட்டுக்கு 9 எம்பி நினைவகம் போதும் என்கிறது அதன் இணையதளம். இலவசம்தான், ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டும். அதற்குத் தயங்குபவர்கள் பட்டன்களோடு வரும் யூகெட்டை எடுத்துக்கொள்ளலாம். டோரண்ட் மட்டும் போதுமென்றால் டிரான்ஸ்மிஷன் நல்லது. விளம்பரத் தொல்லை இல்லை.

நிறுவும்போது ‘நெக்ஸ்ட்’ பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். 2015-ல் மியூடோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளோடு எபிக் ஸ்கேல் என்ற, பிராசஸரை வேலை வாங்கிக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரலும் தங்கள் கணினியில் ஏறிவிட்டதாகப் பயனர்கள் கொதித்தார்கள். பழைய பிராசஸர் அதைத் தாங்காது. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒரே நேரத்தில் பத்து கோப்புகளை ஓடவிட்டால் பழைய ஹார்டு டிஸ்க் திணறும். இரண்டு போதும், மற்றவை வரிசையில் நிற்கட்டும். சேமிக்கும் பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது.